தூசி தட்டிய நேரங்கள்

அக்டோபர் 3, வெள்ளி

நான் தூங்கவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். போன் ரொம்ப நேரம் அடித்தது என்றால் நான் கீழே டீக்கடையில் இருந்தேன் என்று அர்த்தம். நடுவில் நாற்பது படி இருக்கிறது. எழுபத்தொரு வயது முட்டியைத் தூக்கிக்கொண்டு நாற்பது படி ஏறி வந்து ‘அலோ’ என்றால், "தூங்கிட்டியளா தாத்தா?" என்று கேட்கிறாய். பதில் சொல்லி முடிப்பதற்குள் வைத்தும்விட்டாய். சரி, மிச்சத்தை இங்கே திட்டிக்கொள்கிறேன். எழுதச் சொன்னதே நீதானே.

"லைன் எப்ப போவுது, எப்ப வருது, அந்த நேரத்துல நீங்க என்ன செஞ்சியன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. சாயங்காலம் எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாய். கீழே மருந்துக்கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. நேரத்தை மட்டும் உனக்குப் படிப்பேன். மற்றதை விழுங்கிக்கொள்வேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, நீயா வந்து பார்க்கப் போகிறாய்?

விவரம் தெரியாமல் யாராவது இதைப் புரட்டினால் அவர்களுக்காக: இது கோபியில் உள்ள அரிய ரத்தம் கொடுப்பவர்கள் சங்கம். நான் நாச்சிமுத்து. கதவு திறப்பது, பெருக்குவது, பூட்டுவது என் வேலை. பாம்பே குரூப் என்று ஒரு ரத்தம். பல ஆயிரம் பேரில் ஒருத்தருக்குத்தான் இருக்கும். அவர்களுக்கு வேறு எந்த ரத்தமும் சேராது. அந்த ரத்தம் உள்ளவர்களின் பேர், ஊர், போன் நம்பர் எல்லாம் மேசைமேல் உள்ள ஒரு கறுப்புப் பெட்டியில் இருக்கிறது. எங்காவது ஆஸ்பத்திரியில் தேவை வந்தால், சென்னையிலும் மதுரையிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் அங்கிருந்தே இந்தப் பெட்டிக்குள் போய்ப் பேரைத் தேடுவார்கள். அந்த வழியைப் பார்த்துக்கொள்வது சென்னைக் கம்பெனியில் வேலை செய்யும் தென்காசிக்காரப் பெண் இசக்கியம்மாள். இத்தனை நேரம் நான் திட்டியது அவளைத்தான்.

நேற்றிலிருந்து வெளியிலிருந்து யாராலும் உள்ளே போக முடியவில்லை. நாகப்பட்டினத்தில் ஜெசிந்தா என்று ஒரு பெண், தலைப்பிரசவம். பதினேழாம் தேதி ஆபரேசன். அவளுக்கு இந்த ரத்தம். அதற்குள் லைன் சரியாக வேண்டும். செயலாளர் டாக்டர் மகள் வீட்டுக்கு ஆஸ்திரேலியா போயிருக்கிறார். பேர் வெளியே போகக் கூடாது, புது ஆள் யாரும் பெட்டியைத் தொடக் கூடாது என்று அங்கிருந்தே சொல்லிவிட்டார். இங்கே இருப்பது நான் ஒருத்தன்தான்.

"பெட்டிகிட்ட தண்ணி கிண்ணி கொட்டுனியளா?" என்று கேட்டாள்.

"ஒரு சொட்டு இல்ல கண்ணு" என்றேன். அது சத்தியம். முந்தாநாள் ஆயுத பூசைக்குக்கூட ஈரத்துணி போடாமல் வறண்ட துணியில்தான் துடைத்தேன். பொட்டு வைத்து, ஒரு முழம் பூப் போட்டு, பொரி வைத்துக் கும்பிட்டேன். வேலாத்தா டீக்கடை பாய்லருக்குச் செய்ததைவிடக் குறைவுதான்.

அக்டோபர் 4, சனி

காலையில் இசக்கி அழைத்தாள். சுவரில் உள்ள இணையப் பெட்டியில் எத்தனை விளக்கு என்றாள். நாலு, எல்லாம் பச்சை என்றேன்.

"கறுப்புப் பெட்டிக்குப் பின்பக்கம் வயரு சொருகியிருக்க எடத்துல ஒரு குட்டி லைட்டு இருக்கும் தாத்தா. மினுக்குதா?"

"மினுக்குது."

"நல்லாப் பாத்தியளா?"

"உன்ற கண்ணு மாதிரி மினுக்குது அம்மிணி."

பின்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் மேசையை இழுக்க வேண்டும். போனை வைத்த பிறகு இழுத்துப் பார்த்தேன். மினுக்கவில்லை. ஒரு குட்டி விளக்கு அவ்வளவு முக்கியமா என்ன.

11.10. பின்பக்கம் தூசி தட்டினேன்.

11.15. லைன் வந்தது.

"வந்துட்டு தாத்தா, வந்துட்டு" என்று கத்தினாள்.

"வந்துட்டு? வந்துட்டு என்ன பண்ணுச்சு? சொல்லி முடி."

"எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம்."

"அதானே பாத்தேன். பாதியிலயே நிக்குதேன்னு."

சிரித்தாள். ராத்திரி பூராவும் உட்கார்ந்து அவள் ஏதோ மாற்றியிருக்கிறாள், அதனால்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும். தூசி தட்டிய துணியை உதறும்போது வாசனையாக இருந்தது. பூசைக்கு வாங்கிய சந்தனம் நல்ல சரக்கு.

அக்டோபர் 5, ஞாயிறு

விடுமுறை. வந்தேன். வீட்டில் மட்டும் யார் இருக்கிறார்கள்?

அக்டோபர் 6, திங்கள்

9.30. லைன் போயிருந்தது. எப்போது போனது என்று தெரியாது.

இன்று இசக்கி எனக்கு விளக்கம் சொன்னாள். எனக்குப் புரிய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. "பெட்டிக்குள்ள உங்கள மாதிரி ஒரு வாட்ச்மேன் இருக்காரு தாத்தா. வெளிய இருந்து வாறவங்களுக்கு ஒரு கதவு, அதுக்கு ஒரு நம்பரு. வாறவங்க பேரும் சரியா இருக்கணும், சாவியும் சரியா இருக்கணும், எந்த எடத்துல இருந்து வாறாங்கங்கதும் பட்டியல்ல இருக்கணும். ஒண்ணு இல்லன்னாலும் விட மாட்டாரு."

"நான் அப்படியில்ல. சிரிச்ச மூஞ்சியா இருந்தா விட்டுருவேன்."

"அதான் உங்கள உள்ள வைக்கல."

பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் பாதுகாப்புக்காக அந்தக் கதவு நம்பரையும் பட்டியலையும் இவள்தான் மாற்றியிருக்கிறாள். இரண்டு நாளில் கோளாறு. அதனால் தன் தப்புத்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். லைன் இருக்கும் நேரத்தில் உள்ளே போய், மாற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பழையபடி வைக்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. அவளுடைய மேனேஜர். அவர் சொன்னது முழுக்க இங்கிலீசு, திட்டு என்று மட்டும் புரிந்தது. திட்டுக்கு எந்தப் பாசையும் வேண்டாம்.

12.20. தூசி தட்டினேன். 12.25. வந்தது.

அக்டோபர் 8, புதன்

2.40. போனது. 3.05. தூசி. 3.10. வந்தது. 5.00. போனது. 5.10. தூசி. 5.15. வந்தது.

அக்டோபர் 9, வியாழன்

வேலாத்தா டீக் கொண்டுவந்து கொடுத்தாள். "என்னங்ண்ணா, மேசைக்கு அடியில பூந்து பூந்து வர்றீங்க? எலி கிலி புடிக்கிறீங்களா?"

"ஆமா. ஒண்ணு மாட்டுச்சு. உன்ற கடை வடையில வெக்கலாம்னு இருக்கறேன்."

"வெச்சா ருசியாவாவது இருக்கும்" என்று போய்விட்டாள். அவளிடம் என் வாய் செல்லாது.

சாயங்காலம் நேரங்களைப் படித்துக் காட்டினேன். இசக்கி வழக்கம்போலக் குறுக்கே பேசவில்லை. நான்கு தடவை ‘ம்’ போட்டாள்.

"என்ன அம்மிணி, தொண்டையில முள்ளா?"

"மேனேஜரு எழுதிக் குடுக்கச் சொல்லுதாரு தாத்தா. எல்லாம் நான் செஞ்ச மாத்தத்தாலதான்னு. எழுதிக் குடுத்தா இந்த மாசத்தோட அனுப்பிருவாங்க." பிறகு, "அது கூடப் பரவால்ல. அந்தப் புள்ளைக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. எல்லாத்தையும் பழையபடி வச்சாச்சு. இன்னும் ஏன் விட்டு விட்டு வருதுன்னு வெளங்க மாட்டேங்கு" என்றாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க தாத்தா."

"சாப்பிட்டியா?" என்றேன்.

அக்டோபர் 11, சனி

காலை முழுக்க யோசித்தேன். விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கு உருவி, நுனியில் துணி சுற்றி, தேங்காயெண்ணெயில் தொட்டுக்கொண்டு பின்பக்கம் தூசி தட்டினேன். கொஞ்சம் ஆழமாக.

4.20. லைன் போனது.

4.30. தட்டினேன். வரவில்லை.

4.45. தட்டினேன். வரவில்லை.

5.30. வரவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வரவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

காலை பத்து மணிக்குப் போன். எடுத்ததும், "தாத்தா, ஜெசிந்தாவுக்கு வலி வந்துட்டு" என்றாள். இன்றைக்கு ‘வந்துட்டு’ என்றதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. ரத்தமும் போகிறதாம். இரண்டு யூனிட்டாவது மதியத்துக்குள் வேண்டும். பழைய பட்டியல் அவளிடம் ஒன்று இருக்கிறது, அதில் உள்ள நம்பர் பாதி மாறிப்போனது. புது நம்பர் எல்லாம் பெட்டிக்குள்.

"பெட்டி ஓடுதா தாத்தா?"

"ஓடுது. மூச்சு விடுது. தொட்டாச் சூடா இருக்குது."

"அப்ப உள்ள எல்லாம் இருக்கு. பாக்கத்தான் முடியல. அங்க திரை எங்க?"

திரை ரிப்பேருக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. தட்டுகிற பலகை மட்டும் இருக்கிறது. திரை இல்லாமல் முடியாது என்றாள். டிவி இருந்தாலும் போதும், வயரைச் சொருகினால் காட்டும் என்றாள்.

நாற்பது படியை நான் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. வேலாத்தா கடை டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் போய் சுவிட்சை அணைத்தேன். கடைக்குள் ஒரு கலவரம்.

"யோவ், கிறுக்குப் புடிச்சிருச்சா உங்களுக்கு?" என்றாள் வேலாத்தா.

"ஒரு பொண்ணு பிரசவத்துல கெடக்குறா. அவளுக்கு ரத்தம் குடுக்கறவங்க பேரு மேல பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. பாக்க டிவி வேணும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வருசம் முழுக்க அவளிடம் பொய்யாக அளந்தவன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி அவளே கழற்றினாள். கிரிக்கெட் பார்த்தவர்களில் இரண்டு பேர் மேலே தூக்கிக்கொண்டு வந்தார்கள். இசக்கி போனில் சொல்லச் சொல்ல வயரைச் சொருகினோம். கறுப்பாக ஒரு பக்கம் வந்தது. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு கண்ணடித்துக்கொண்டிருந்தது.

இங்கிலீசு எழுத்துத் தெரியுமா என்றாள். நம்பர் தெரியும், எழுத்துத் தெரியாது என்றேன். தூக்கி வந்த இரண்டு பேரும் தெரியும் என்று முன்னால் வந்தார்கள். "வேண்டாம் தாத்தா. சாவி எழுத்து வெளியாளுக்குத் தெரியக் கூடாது. நீங்க மட்டும் இருங்க" என்றாள். வேலாத்தா அவர்களை இறக்கிவிட்டுத் தானும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"ஏணி மாதிரி ரெண்டு கம்பு, நடுவுல ஒரே ஒரு படி. இருக்கா?"

"இருக்குது. எங்க முட்டிக்கு ஏத்த ஏணி."

"அமுக்குங்க. அடுத்தது பாம்பு, படம் எடுக்காத பாம்பு. அப்புறம் கோழிமுட்டை."

"முட்டை ரெண்டு இருக்குது கண்ணு. ஒண்ணு மேல நம்பரோட, ஒண்ணு கீழ எழுத்தோட."

"கீழ உள்ளது."

"அமுக்குறேன், திரையில ஒண்ணுமே வர மாட்டேங்குது."

"அது அப்படித்தான் தாத்தா. வாங்கிக்கிடும். வெளிய காட்டாது."

எனக்குத் தெரிந்த ஆள் மாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று தடவை தப்பு. நாலாவது தடவை உள்ளே விட்டது. அவள் முன்பே உள்ளே ஒரு சின்னக் கட்டளை எழுதி வைத்திருந்தாளாம், அஞ்சே எழுத்து. குடை, கொக்கி, இன்னொரு குடை, தலைகீழ்க் குடை, பாம்பு. அமுக்கியதும் வரிவரியாக இறங்கியது. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ளவர்கள் மேலே, தூரத்தில் உள்ளவர்கள் கீழே. பேர் எனக்குப் படிக்கத் தெரியாது. நம்பரை மட்டும் படித்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. அந்தப் பக்கம் அவள் எழுதும் சத்தம் கேட்டது. இடையிடையே அவள் பேரை வாசித்துச் சொன்னாள். மாறாத நம்பரை வைத்துப் பழைய பட்டியலில் பேர் பிடிக்கிறாள். கும்பகோணத்தில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர், காரைக்காலில் தையல்காரம்மா, மன்னார்குடியில் கேஸ் சிலிண்டர் போடுகிறவர். எல்லாரையும் நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

பதினோராவது வரி. ஒன்பது, நாலு, நாலு என்று ஆரம்பித்தேன். வாய் நின்றுவிட்டது.

"சொல்லுங்க தாத்தா."

மிச்ச ஏழையும் சொன்னேன். அவள் தினமும் அழைக்கிற நம்பர்தான்.

அந்தப் பக்கம் எழுதும் சத்தம் இல்லை. "அது வேண்டாம் தாத்தா. வரிக் கடைசியில பூச்சியம் இருக்கும் பாருங்க. வயசு தாண்டுனவங்க" என்றாள். பிறகு மெதுவாக, "பூச்சியத்துக்கு முன்னால ஒரு நம்பரு இருக்கும். என்னது?" என்றாள்.

"முப்பத்தெட்டு."

"அது குடுத்த தடவ."

"இருக்கும். அடுத்த வரி படிக்கட்டுமா?"

12.50. ஸ்கூல் பஸ் டிரைவர் கிளம்பிவிட்டார். தையல்காரம்மா அதற்கு முன்பே கிளம்பிவிட்டார். இரண்டு பேரும் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை நான் வேறொன்றும் எழுதவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

பெண் குழந்தை. தாயும் நலம். வேலாத்தா டிவியை வாங்கிக்கொண்டு போகும்போது, "குழந்தை என்ன எடை?" என்று கேட்டாள். கேட்டுச் சொல்லவில்லை என்று என்னைத் திட்டினாள்.

லைன் வரவில்லை. இசக்கி நேரில் வருகிறாளாம்.

அக்டோபர் 16, வியாழன்

ஈரோட்டில் ரயில் இறங்கி, பஸ் பிடித்துப் பதினொரு மணிக்கு வந்தாள். போனில் பெரிய குரல். நேரில் பார்த்தால் மேசை உயரத்துக்கு இருக்கிறாள்.

"இவ்வளவுதானா நீ?" என்றேன்.

"நீங்க மட்டும் என்ன, போன்ல ஆறடி மாதிரி பேசுனிய" என்றாள்.

தோள்பையை இறக்கி வைத்துவிட்டு டைரியைக் கேட்டாள். நானே படிக்கிறேன் என்றேன். நேரத்தை மட்டும் படித்தேன். அவள் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

"தாத்தா, நீங்க தூசி தட்டுனா அஞ்சு நிமிசத்துல லைன் வருது. எல்லாத் தடவையும்."

"கைராசி."

"பதினொண்ணாம் தேதி தட்டுனதுக்கு அப்புறம் வரவே இல்ல."

"அன்னைக்கு ராசி சரியில்ல."

என்னையே பார்த்தாள். பிறகு கீழே மருந்துக்கடையில் கொஞ்சம் ஸ்பிரிட்டும் புதுசாக ஒரு பல் துலக்கும் பிரசும் வாங்கி வரச் சொன்னாள். நாற்பது படி இறங்கி, நாற்பது படி ஏறினேன். திரும்பி வந்தபோது மேசைக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வயர் கையில் இருந்தது. கட்டைவிரல் நுனி மஞ்சளாக இருந்தது. அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நான் சன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க அங்கே நிறைய இருந்தது.

அரை மணி நேரம் பிரசால் தேய்த்தாள். பையிலிருந்து புது வயர் எடுத்துச் சொருகினாள். "தாத்தா, இங்க வந்து பாருங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். அந்தக் குட்டி விளக்கு பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. அது மினுக்கி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"மொத நாளே இப்படித்தான் மினுக்குச்சா?" என்று கேட்டாள்.

"இதவிடக் கொஞ்சம் கம்மி."

1.15. லைன் வந்தது. நான் தூசி தட்டவில்லை.

வேலாத்தா கடையிலிருந்து தயிர்சாதம் வந்தது. சாப்பிட்டுவிட்டு மடியில் கம்ப்யூட்டரை வைத்து இசக்கி அறிக்கை எழுதினாள். எனக்குத் தமிழில் சொன்னாள்: "வயர் பழசு. அதனால விட்டு விட்டு வந்திருக்கு. மாத்தியாச்சு. கதவு நம்பர மாத்துனதுல ஒரு தப்பும் இல்ல." மேனேஜர் சரி என்று பதில் போட்டுவிட்டார். இனிமேல் இந்தப் பட்டியலைப் பூட்டிய இன்னொரு பெட்டியிலும் வைக்கச் செயலாளர் டாக்டர் ஒத்துக்கொண்டாராம்.

கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "முப்பத்தெட்டுத் தடவ. ஒரு நாள் கூடச் சொல்லலியே தாத்தா" என்றாள்.

"நீ கேக்கலையே. தூங்குனியான்னுதானே கேட்ட."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் வாய் நிற்கவில்லை. "இரு அம்மிணி, ஒண்ணு சொல்லோணும்" என்றேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு தாத்தா."

"அரை மணிக்கு ஒரு பஸ். இரு. அந்த வயரு பழசில்ல."

"வயரு பழசு தாத்தா. நான் எழுதியாச்சு."

"பழசில்ல கண்ணு. பூசை அன்னைக்கு நான்தான். எல்லாரும் வெக்கற மாதிரி சந்தனப் பொட்ட மொதல்ல மேலதான் வெச்சேன். அப்புறம் யோசனை வந்துச்சு. அறுவத்தஞ்சு ஆனதும் ரத்தம் குடுக்கறதுல இருந்து என்னை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு ஒறவுன்னு சொல்ல அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறவங்கதான். அவங்களும் என்னைத் தெரியாத ஒறவு. மூடி மேல பொட்டு வெச்சா அது மூடிக்குத்தானே சேரும், உள்ள இருக்கறவங்களுக்கு எப்படிச் சேரும்னு, அவங்க வெளிய போற வழி எதுன்னு பாத்து, ஒரு வெரல்ல எடுத்து..."

அதற்குள் நாலாவது படிக்கு இறங்கியிருந்த அவள் ஒரு கையை மேலே தூக்கி, போதும் என்கிற மாதிரியோ, போய்வருகிறேன் என்கிற மாதிரியோ ஆட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பாதிப் பேச்சில் இருந்தேன். அவள் இறங்கிக்கொண்டே இருந்தாள்.